கடைசிக் குளியலுக்கு வைத்த சீவல்

ஜனவரி 8

அன்புத் தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

அக்காவின் ஸலாம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே வலியைப் பொறுத்துக்கொள்கிறாயா? இங்கே நானும் அத்தாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துவிடுவாய். அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

அத்தாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்து ஒரு வருடமாகப் போகிறது. அந்தக் கையில் இன்னும் அசைவு இல்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தெளிந்த பேச்சு பூராவும் குறை சொல்லத்தான் செலவாகிறது. மருந்துக்கடைக்காரர் புது வருடக் காலண்டர் ஒன்று கொடுத்தார். மேலே பிஸ்மில்லாஹ் அச்சடித்தது. கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "யாரு எழுதினது இது? அலிஃப் எழுத்தைப் பாரு, கால் சுளுக்கினவன் மாதிரி சாஞ்சு நிக்குது. திருப்பி மாட்டு" என்றார். இப்போது காலண்டர் சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. தேதி தெரிய வேண்டுமென்றால் நான் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாரம் இரண்டு முறை குளியல். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை ஸ்டூல், பிறகு அதே வழியில் திரும்ப. என் இடுப்பைப் பார்த்த டாக்டரம்மா இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார். பெற்ற அத்தாவைக் கனம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் கனம்தான். தையல்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கும் வேலையையும் பாதியாகக் குறைத்துவிட்டேன், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை.

நேற்று பீரோ மேலிருக்கும் சீவல் டின்னை எடுத்துத் தூசி தட்டச் சொன்னார். உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் அந்தப் பெரிய பிஸ்கட் டின்னைக் கண்டாலே நாம் ஒதுங்கிப் போவோம். நாணல் பேனாவைச் சீவும்போது விழுகிற சீவலை எழுத்துக்காரர் தூக்கிப் போடக் கூடாது, சேர்த்து வைத்து அவர் இறந்ததும் நடக்கிற கடைசிக் குளியலுக்கு அதில்தான் தண்ணீர் சுட வைக்க வேண்டும் என்று அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த உஸ்தாது வழி வந்த வழக்கம். முதல் பேனாவின் சீவலிலிருந்து எல்லாம் அதில் இருக்கிறது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அவன் வேலை எப்ப முடியுது?" என்று கேட்டார்.

எப்போது முடிகிறது? ஒரே ஒரு மாதம் நீ வந்து இருந்தால் போதும். அதற்கு மேல் கேட்க மாட்டேன்.

துஆவுடன்,
அக்கா

*

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. இடுப்பைக் கவனித்துக்கொள். எனக்குக் கழுத்து அப்படியே இருக்கிறது, நாள் முழுக்க மேலே பார்த்து வேலை செய்பவனுக்குக் கழுத்து எப்படி நேராக இருக்கும்.

பள்ளிவாசல் குவிமாடத்தின் அடியில் சுற்றி ஓடுகிற எழுத்துப் பட்டை இப்போது முக்கால்வாசி வந்துவிட்டது. தாளில் எழுதி, எழுத்தின் ஓரமெல்லாம் ஊசியால் குத்தி, அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டுகிறேன். புள்ளி புள்ளியாக இறங்குகிறது. அத்தா செய்த அதே முறைதான். வட்டத்தில் எழுதுவதுதான் சிரமம். தொடங்கின இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முடிவில் இடம் பற்றாமல் போனாலும் அசிங்கம், மிச்சமானாலும் அசிங்கம். வேத வாக்கியத்தை இடத்துக்காகக் குறைக்க முடியுமா, நீட்ட முடியுமா? லாம், காஃப் எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துத்தான் சமாளிக்கிறேன்.

எனக்குக் கீழே ஓடு பதிப்பவர்கள் சுவர் பூராவும் நட்சத்திரக் கட்டம் பதிக்கிறார்கள். ஓரத்துக்கு வரும்போது நட்சத்திரத்தைப் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். முழு நட்சத்திரமாக முடித்தால் அழகாக இருக்குமே என்று கட்டட என்ஜினீயர் ஒருவர் கேட்டார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "முழுசா முடிச்சா அது அங்கேயே நின்னு போகும் சார். பாதியில வெட்டினாத்தான் சுவருக்கு அந்தப் பக்கமும் போயிட்டே இருக்கும்" என்றார். இதை அத்தா நமக்குச் சொன்னதுண்டு. உருவம் இல்லாத சுவர், ஆனாலும் எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம் அக்கா. முடிவே இல்லாத வேலை நம்முடையது.

மார்ச் கடைசியில் முடிந்துவிடும். முடிந்ததும் வருகிறேன். அத்தாவுக்கு என் ஸலாம் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நீ சாப்பிட்டுத் தூங்கி எழுந்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அத்தாவுக்கு அதில் ஒரு வரி. பரவாயில்லை, இரண்டு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். "காஃபை ரொம்ப இழுக்க வேண்டாம்னு எழுது. இழுத்தா வயிறு காஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். எழுதிவிட்டேன்.

முடிவே இல்லாத வேலை என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரிப்பு வந்தது. என்னுடையதும் அதுதான். காலையில் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டால் சாயங்காலம் இன்னொன்று. கஞ்சி, மாத்திரை, புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பவுடர் போடுவது. சுவருக்கு அந்தப் பக்கமும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஒரே வித்தியாசம், இதை யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. கோபப்படவும் தெம்பு வேண்டும். மார்ச் கடைசிக்குக் காத்திருக்கிறேன். உனக்கு மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உடனே பதில் எழுதாததற்குத் திட்டாதே. நீயும் அத்தாவும் எப்படி இருக்கிறீர்கள்?

நினைத்தபடி நடக்கவில்லை. எழுத்து முடிந்தாலும் அதன் மேல் மெல்லிய தங்க ரேக்குத் தகடு ஒட்டும் வேலை பாக்கி இருக்கிறது, அதற்குக் காற்று அடிக்காத நாளாகப் பார்க்க வேண்டும். மூச்சை விட்டாலே பறந்துவிடுகிற சாமான் அது. எப்படியும் ஜூன் ஆகிவிடும்போல இருக்கிறது.

ஆனால் எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று அத்தாவிடம் சொல். காஃபை அவர் சொன்னபடி குறைத்துவிட்டேன். வாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் வட்டம் முழுவதும் ஒரே மூச்சில் தெரிகிறது. எங்கே தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. எழுத்துக்கு நடுவில் ஓடுகிற கொடியும் இலையும் எழுத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகின்றன. தொழ வந்த பெரியவர் ஒருவர் தஸ்பீஹ் மணியை உருட்ட மறந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா பார்த்திருந்தால் ஒரு குறையாவது கண்டுபிடித்திருப்பார்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தம்பி

*

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தது. படித்தேன். இரண்டு தரம் படித்தேன்.

போன வாரம் ஸ்டூல் வழுக்கி அத்தாவும் நானும் குளியலறையில் ஒன்றாக விழுந்தோம். அவருக்கு அடியில்லை, என் மேல்தான் விழுந்தார். மருந்துக்கடைக்காரர் வந்து தூக்கிவிட்டார். அதுவரை இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சுண்ணாம்பு அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார்.

ஜூன் என்றால் ஜூன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா

*

மே 19

தம்பிக்கு,

அக்காவின் ஸலாம். உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஒன்று நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை அத்தா படுக்கையை நனைத்துவிட்டார், மேலெல்லாம் அசுத்தம். உடனே குளிப்பாட்டியாக வேண்டும். காஸ் முதல் நாளே தீர்ந்துவிட்டது, புது சிலிண்டர் வரவில்லை. கோடையிலும் புயல், விடாத மழை, குளிர். பின்கட்டில் கல் கூட்டி விறகு வைத்தேன், விறகு பூராவும் ஈரம். காகிதம் போட்டேன், புகைந்து அணைந்தது. உள்ளே அவர் நடுங்குகிற சத்தம் கேட்கிறது. பீரோ மேலிருந்த சீவல் டின்னுக்குக் கை போனது. யோசிக்கவில்லை தம்பி. யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். ஒரு பிடி போட்டேன், சடசடவென்று பிடித்துக்கொண்டது. பிறகு இன்னொரு பிடி. தண்ணீர் சூடாகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஸ்டூலில் உட்கார வைத்து, மேலே துணியைப் போர்த்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நாணல் புகை உள்ளே வந்தது. அத்தா மூக்கை உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டார். எப்போதும் சூடு பற்றவில்லை, சோப்பு கண்ணில் போகிறது என்று சத்தம் போடுகிறவர் அசையாமல் இருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"நான் மௌத்தாயிட்டேனா?"

"இல்லத்தா, உயிரோட இருக்கீங்க. நான்தான் குளிப்பாட்டறேன்."

"நீ ஏன் குளிப்பாட்டறே? ஆம்பளை மையித்தை ஆம்பளைதானே குளிப்பாட்டணும். அவன் வரலையா?"

தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். சூடு உறைக்க உறைக்க அவருக்கும் நிதானம் வந்துவிட்டது. கண்ணைத் திறந்து, "டின்னைத் திறந்துட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாத்தையுமா போட்டுட்டே?" ஒரு கைப்பிடி மீதி இருக்கிறது என்றேன். இடது கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "தண்ணி நல்ல சூடு" என்றார். அன்றைக்கு நான் அழுதேன். அவர் பார்க்கவில்லை, முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்திருக்க முடியவில்லை. வாசலில் நின்று தலை நிமிர்த்தினால் வட்டம் முழுவதும் தெரிகிறது என்று ஏப்ரலில் எழுதினாய். நான் எழுத்துக்காரர் மகள் தம்பி. சின்ன வயதில் அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போய் எத்தனை பள்ளிவாசலில் அண்ணாந்து நின்றிருக்கிறேன். சாரம் நிற்கிற வரைக்கும் கீழேயிருந்து பலகையின் அடிப்பக்கம்தான் தெரியும். எழுத்து தெரிகிறது என்றால் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். சாரம் இல்லாமல் தங்க ரேக்கை எதில் ஏறி ஒட்டுகிறாய்?

அன்றைக்கே கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்வாய் என்று இருந்துவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 16

அக்காவுக்கு,

ஸலாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ சொன்னது சரி. மார்ச் மாதமே சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். தங்க ரேக்கு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது. பெட்டியைக்கூடக் கட்டினேன். பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். இப்போது இங்கே ஒரு அறை எடுத்து வீட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டுகிற எழுத்துப் பலகை செய்துகொண்டிருக்கிறேன். அவசர வேலை ஒன்றுமில்லை.

காரணம் கேட்பாய். போன தடவை வந்தபோது அத்தாவின் வலது கை மடியில் கிடந்தது. யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன சாமான் மாதிரி. என் கையைப் பிடித்து அலிஃப் போட வைத்த கை அது. இருந்த மூன்று நாளும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை, மாடியிலேயே இருந்துவிட்டேன். நீ கவனித்திருப்பாய், ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அவ்வளவு உயரத்தில் ஒற்றைப் பலகையில் நின்றவனுக்கு இதில் என்ன பயம் என்று நீ சொல்லலாம். மேலே நிற்பது சுலபம்.

இத்துடன் என் சீவல் டின்னைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து சேர்த்தது. அத்தாவுக்கு வைத்துக்கொள். எனக்கு இனி சேர்த்துக்கொள்ளலாம்.

மன்னித்துக்கொள்.
தம்பி

*

ஜூன் 28

தம்பிக்கு,

ஸலாம். பார்சல் வந்தது. திறக்கவில்லை. பீரோ மேல் அத்தாவின் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நல்ல மனசோடுதான் அனுப்பியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இறந்தவருக்கு வேண்டியதை நீ அனுப்பிவிட்டாய். இங்கே இருக்கிறவர் உயிரோடு இருக்கிறார், அவரைத் தூக்க ஆள் இல்லை. நான் கேட்டது இரண்டு கை. நீ விறகு அனுப்புகிறாய்.

உனக்குப் பயம் என்கிறாய். எனக்கும் பயம்தான். ஒவ்வொரு தடவையும் அவரைத் தூக்கும்போது, இந்தத் தடவை கீழே போட்டுவிடுவேனோ என்று பயம். உன் பயத்துக்கு ஒரு அறை எடுத்துத் தங்க முடிந்தது. எனக்கு அதே வீட்டில் பயந்துகொண்டு சமைக்கவும் வேண்டியிருக்கிறது. ரொம்பக் களைத்துவிட்டேன் தம்பி. காலையில் கண் விழித்ததும் முதலில் வருகிற நினைப்பு இன்றைக்கு எப்போது படுப்பேன் என்பதுதான்.

ஜூலை 12 காலை பஸ்ஸில் சின்னம்மா வீட்டுக்குப் போகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து அத்தாவோடு இருக்கச் சம்மதித்திருக்கிறார். அன்றைக்கு ஒரு நாள்தான், மறுநாள் அவருக்குக் கடை இருக்கிறது. சாவி அவரிடம் இருக்கும். நீ வராவிட்டால் அவர் எனக்குத் தந்தி கொடுப்பார், நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்கப்புறம் உனக்கு எழுத மாட்டேன்.

அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வருவானா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அக்கா

*

ஜூலை 21

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் ஸலாம். சின்னம்மாவுக்கும் சொல். தந்தி வராததால் நான் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுதியிருக்க வேண்டும், உட்கார்ந்து எழுத நேரமே கிடைக்கவில்லை. சிரிக்காதே.

நான் உள்ளே போனபோது அத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஸலாம் சொன்னேன். திரும்பாமலேயே, "காஃபைக் குறைச்சியா?" என்றார். குறைத்தேன் என்றேன். "அப்ப சரி, புரட்டிப் படுக்க வை" என்றார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை.

முதல் குளியல் ஒரே கூத்து. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று தெரியாமல் துணியோடு பாதி நனைந்தேன். பயந்து பயந்து தேய்த்தேன்போல. "என்னடா, தங்க ரேக்கு ஒட்டற மாதிரி தொடறே. அழுத்தித் தேய்" என்று அதட்டினார். கடைசியாக வலது கை வந்தது. விரல் மடங்கி இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து சோப்பு போட்டேன். நடுவிரலில் பேனா அழுந்தின காய்ப்பு அப்படியே இருக்கிறது அக்கா. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ. "தண்ணி ஆறுது" என்றார்.

துடைத்துக் கட்டிலில் படுக்க வைத்ததும் கேட்டார்.

"அவ எங்கே?"

"சின்னம்மா வீட்டுல."

"எதுக்குப் போனா?"

"தூங்கறதுக்கு."

கொஞ்ச நேரம் அந்தத் திருப்பி மாட்டின காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நல்லாத் தூங்கட்டும். என்ன ஆனாலும் அவளைக் கூப்பிடாதே. நான் மௌத்தானாலும் விடிஞ்சப்புறம் சொல்லு."

என் டின்னை என்ன செய்வது? அத்தாவுடையதில் ஒரு கைப்பிடிதான் இருக்கிறது. என்னுடையதை அதில் கொட்டி வைக்கட்டுமா? அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

பலகைகளை இங்கேயே மாடியில் வைத்துச் செய்கிறேன். அவசரப்பட்டு வந்துவிடாதே.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பி ஒட்டடைக்குச்சிக்கு,

ஸலாம். சின்னம்மாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இங்கே வந்ததும் தூங்கினேன். எழுந்து சாப்பிட்டேன், மறுபடியும் தூங்கினேன். சின்னம்மா முதலில் சந்தோஷப்பட்டார், அப்புறம் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

உன் கடிதத்தில் அத்தா கடைசியாகச் சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை நாளில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ போய்த்தான் அது வெளியே வந்திருக்கிறது. அதற்காக உன்னைப் பாதி மன்னித்தேன். மீதிப் பாதியைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன்.

உன் டின் உன்னுடையது. அதை மாடிக்கு எடுத்துப் போய் பலகைக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக்கொண்டே இரு. அத்தாவுக்கு அவருடைய கைப்பிடியே போதும், பற்றவைக்க அது ஆகும். மேலுக்கு சாதாரண விறகு போட்டுக்கொள்ளலாம். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு நீ இருப்பாய், அவர் கேட்டது அதைத்தானே.

இடது காதுக்குப் பின்னால் சோப்பு தங்கும், துடைத்துவிடு. தண்ணீரை முதலில் உன் முழங்கையில் விட்டுப் பார், அதிகச் சூடாக இருந்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டார். புரட்டும்போது தோளைப் பிடி, கையை இழுக்காதே. காலண்டரில் மாதம் மாறிவிட்டது, தூக்கிப் பார்த்துக் கிழி. இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது.

அக்கா